வண்டியில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம்

பேட்டரி நாற்காலி வந்த பிறகு நான் ஆட்டோவில் போவது நின்றுபோயிற்று.

அதற்கு முன் என்னிடம் இருந்தது மடக்கு நாற்காலி. தம்பி என்னைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பான். நாற்காலியை மடித்துப் பின்னால் சொருகுவான். பூதலூர்ப் பக்கம் நான் கணக்கு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்து வாசலில் அதை விரித்து மறுபடி என்னை இறக்குவான். எனக்குச் சிறு வயதிலேயே வந்த தசைநோய். முதலில் கால்கள் போயின. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் தோள்களும் தளர ஆரம்பித்தன. நாற்காலிச் சக்கரத்தை நானே தள்ள முடியாது என்று ஆனபோது ஓர் அரசு விழாவில் எனக்குப் பேட்டரி நாற்காலி கொடுத்தார்கள். அதன் முதுகில் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. ஆட்சி மாறிய பிறகு பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் யாரோ அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி அனுப்பினார்கள்.

வலது கைப்பிடியில் ஒரு சின்னக் குச்சி. அதை விரலால் சாய்த்தால் நாற்காலி நகரும். முதல் வாரமே நான் தனியாக மாதா கோயில் முக்குவரை போய்த் திரும்பினேன். பெரியவளான பிறகு யாரும் தள்ளாமல், யாரும் தூக்காமல் நான் கடந்த முதல் தூரம் அது. வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா இருந்திருந்தால் காரணம் கேட்டிருப்பாள். அப்பாவும் அம்மாவும் அப்போது கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். வீட்டில் நானும் தம்பியும்தான்.

ஆனால் அந்த நாற்காலி மடங்காது. ஒன்றரை மூட்டை நெல் எடை இருக்கும். ஆட்டோவில் ஏறாது, பஸ்ஸில் ஏறாது. தம்பி ஒரு குட்டியானையை மாத வாடகைக்குப் பேசினான். உரமூட்டையும் நாற்றுக்கட்டும் ஆடும் ஏற்றுகிற சின்ன லாரிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இரண்டு பலகையைச் சாய்த்து நாற்காலியோடு என்னை மேலே ஏற்றுவார்கள். சக்கரக் கம்பிகளுக்குள் நைலான் கயிற்றைக் கோத்து வண்டியின் பக்கக் கம்பியில் கட்டுவார்கள். எதிர்க்காற்று முகத்தில் அடிக்காமல் இருக்கட்டும் என்று என்னைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தார்கள். தினமும் நான் கடந்துவிட்ட சாலையையே பார்த்துக்கொண்டு போனேன். சைக்கிளில் வருகிற பிள்ளைகள் “வணக்கம் டீச்சர்” என்று கத்துவார்கள். பதில் சொல்வதற்குள் சின்னதாகிவிடுவார்கள்.

டீக்கடையில் நிற்கிறவர்கள் தம்பியிடம் கேட்பார்கள். “டீச்சர எங்கப்பா ஏத்திட்டுப் போற?” தப்பாகக் கேட்கவில்லை. ஏற்றிக்கொண்டுதான் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அது நடந்தது. வாய்க்கால் கரைச் சாலையில் வண்டி கொஞ்சம் வேகமாகவே போனது. ஒரு வயலிலிருந்து அறுவடை மெஷின் திடுமென்று சாலையில் ஏறியதாகப் பிறகு சொன்னார்கள். பின்பக்கம் பார்த்திருந்த எனக்கு எதுவும் தெரியாது. பிரேக் அடித்த சத்தம்தான் கேட்டது. நாற்காலி என்னோடு பின்னால் ஓடி, டிரைவர் கேபினின் இரும்பில் என் தலை மோதியது. கயிறு சக்கரத்தை விட்டு நழுவியிருந்தது. வண்டி கரையோரம் சாய்ந்தபோது நாற்காலி பக்கவாட்டில் கவிழ்ந்தது. நாற்காலியில் ஒரு பெல்ட் உண்டு, அதைப் போட்டிருந்தேன். அது என்னை நாற்காலியோடு சேர்த்தே கவிழ்த்தது. அத்தனை எடையும் என் தோள் மேல்.

கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. தலையில் தையல். ஆஸ்பத்திரியில் தம்பி என் கட்டிலுக்குக் கீழேயே துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தான். குட்டியானைக்காரர் ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்து அறை வாசலிலேயே நின்றார். அவரை உள்ளே வரச் சொல்லிப் பேசினேன். கயிறு கட்டத் தெரிந்தவர் அவர். ஆளைக் கட்ட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு பல மாதம் நான் வெளியே போகவில்லை. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தம்பி விடிந்ததும் வயலுக்குப் போவான், மத்தியானம் சோறு ஊட்ட வருவான், திரும்பப் போவான். ஜன்னலில் மின்கம்பமும் அதற்கு அப்பால் பயிரும் தெரியும். நாற்று பச்சையாவதையும், பச்சை பழுப்பாவதையும், பிறகு தாளடி கருகிக் கிடப்பதையும் அந்த ஒரே சதுரத்தில் பார்த்தேன். பள்ளியிலிருந்து முதலில் வந்து பார்த்தார்கள். பிறகு போன் செய்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்குத் தேர்வு நேரம்.

நாற்காலியின் குச்சி விபத்தில் வளைந்துபோயிருந்தது. தஞ்சாவூரில் பழுது பார்க்கும் முகாம் நடக்கிறது என்று தம்பி கேள்விப்பட்டு வந்தான். நாற்காலியைத் தனி வண்டியில் அனுப்பிவிட்டு, என்னை ஆட்டோவில் உட்கார வைத்து, பக்கத்தில் இறுகப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கேதான் அவரைப் பார்த்தேன்.

ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. பின்கதவு திறந்து சரிவுப்பலகை இறங்கியது. உள்ளிருந்து ஒருவர் தானே நாற்காலியை ஓட்டிக்கொண்டு இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கொஞ்சம் நரைத்த தாடி. முகாமில் எல்லோரும் யாரோ ஒருவர் கையில் தொங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் மட்டும் ஆபீசுக்கு வருகிறவர்போல வந்தார். ஆனால் என் கண் அவர் மேல் நிற்கவில்லை, வேனுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவனித்துவிட்டார்.

“ரொம்ப நேரமா வண்டியவே பாக்குறீங்க. ஏறிப் பாக்குறீங்களா?”

“நான் ஏறலாமா?”

“தாராளமா ஏறுங்க. ஆனா நான் கூட வர முடியாது. உள்ள ஒரு நாற்காலிக்குத்தான் இடம்.”

அதிராம்பட்டினத்துக்காரர். துபாயில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது கார் உருண்டு முதுகெலும்பு போனது. மனைவி சில வருடம் இருந்துவிட்டுத் தன் வீட்டோடு போய்விட்டார். லாத்தா என்று அவர் கூப்பிடும் மூத்த சகோதரியின் வீட்டில் இருந்தார். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தவை. அன்று அவர் வண்டியைப் பற்றி மட்டும்தான் பேசினார். என் நாற்காலியின் குச்சியைச் சரிசெய்து கொடுத்ததும் நான் வேனுக்குள் ஏறினேன். அவருடைய டிரைவர் கட்ட, அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“முன்னால பாத்து உக்காரணும். பின்னால பாத்தும் சைடுல பாத்தும் உக்காரவே கூடாது. மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க. நாலு பெல்ட் இருக்கா, முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. அத சக்கரத்துல மாட்டாதீங்க, கைப்பிடியில மாட்டாதீங்க, கால் வைக்கிற பலகையில மாட்டாதீங்க. கழட்டுற சாமான் எதுவுமே தாங்காது. கீழ எலும்பு மாதிரி ஒரு இரும்புச் சட்டம் இருக்கு பாருங்க, அதுல மாட்டணும்.”

டிரைவர் இறுக்கினார். நாற்காலி தரையோடு வேர் விட்டதுபோல் நின்றது.

“இப்ப நாற்காலி பத்திரம். நீங்க இன்னும் பத்திரமில்ல,” என்றார். “நாற்காலியத் தனியா கட்டணும், மனுசனத் தனியா கட்டணும். நாற்காலியோட வர்ற பெல்ட் சும்மா சரியாம உக்கார்றதுக்கு. அத நம்பக் கூடாது.”

“அத நம்பித்தாங்க நான் விழுந்தேன்.”

அவர் என் காதோரத் தழும்பைப் பார்த்தார். டிரைவர் வண்டியின் சுவரிலிருந்து ஒரு பெல்ட்டை இழுத்து என் தோளைச் சுற்றி, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து தரையில் பூட்டினார்.

வேன் மைதானத்தை ஒரு சுற்று சுற்றியது. முன்னால் பார்த்துப் போவது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மேட்டில் ஏறி இறங்கியபோது பயத்தில் உடம்பு இறுகியது. நாற்காலி அசையவில்லை. பக்க ஜன்னல் வழியாகக் கடைசியாகத் தெரிந்தது வெயிலில் தனியாக நிறுத்தப்பட்டிருந்த அவருடைய நாற்காலி. சுற்றி வந்தபோதும் அதே இடத்தில் இருந்தார்.

“எப்படி இருந்துச்சு டீச்சர்?”

“பயமில்லாம இருந்துச்சுங்க. ஆனா முன்னால ஓட்டுறவர் பேசினது எதுவும் கேக்கல.”

“கேக்காது,” என்றார். “அத மட்டும் என்னால சரிபண்ண முடியல.”

தம்பி அவரிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டான். அந்த அறுவடை முடிந்ததும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கினான், கூரை உயரமான வண்டி. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, தஞ்சாவூர்ப் பட்டறை ஒன்றில் தரையில் நாலு வளையம் வைக்கச் சொன்னான். பட்டறைக்காரர் மரத்தரையில் ஸ்குரூ அடிக்கப் பார்த்தார். அதிராம்பட்டினத்துக்காரர் போனிலேயே தடுத்தார். மரத்தில் அடித்தால் மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும், தரைக்குக் கீழே வண்டியின் சட்டத்தில் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்க வேண்டும் என்றார். தன்னிடம் உபரியாக இருந்த பெல்ட்டுகளை பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பினார்.

எல்லாம் முடிந்ததும் நான் ஏறப் போனேன். “நீங்க ஏறக் கூடாது டீச்சர். மொதல்ல மூட்டை ஏறட்டும்,” என்றார் அவர் போனில்.

தம்பி என் நாற்காலியில் ஒரு நெல் மூட்டையைத் தூக்கி வைத்தான். அதன் நடுவில் பெல்ட்டைப் போட்டுப் பூட்டினான். ஆளில்லாத வாய்க்கால் கரையில் ஓட்டிப்போய் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தான். நான் வீட்டு வாசலில் பழைய மடக்கு நாற்காலியில் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், மறுமுனையில் அவர் இருந்தார். திரும்பி வந்த தம்பி பின்கதவைத் திறந்தான். நாற்காலி இம்மிகூட நகரவில்லை. ஆனால் பெல்ட் இருந்த இடத்தில் பழைய சாக்கு கிழிந்து நெல் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

“மூட்டை கிழிஞ்சு போச்சுங்க,” என்றான் தம்பி போனில்.

“பெல்ட் எங்க போட்டீங்க?”

“நடுவுல.”

“அது வயிறு தம்பி. அங்க போட்டா ஆளுக்கும் அதே கதிதான். கீழ, இடுப்பு எலும்பு மேல படிஞ்சு இருக்கணும். கைப்பிடிக்கு மேல போகக் கூடாது, உள்பக்கமா போகணும். நாளைக்கு மறுபடி ஓட்டிப் பாருங்க.”

மறுநாள் மூட்டை கிழியவில்லை. அதற்கு அடுத்த வாரம் நான் பள்ளிக்கூடம் போனேன்.

அப்படித்தான் சாயங்காலத்தில் அவரோடு பேசுகிற பழக்கம் வந்தது. பள்ளி விட்டு வந்து முகம் கழுவி, தம்பி வயலிலிருந்து திரும்புவதற்கு முன் இருக்கிற இடைவெளியில் பேசுவோம். முதலில் பெல்ட்டும் பேட்டரியும்தான் பேச்சு. நாற்காலிக்குப் பின்னால் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வண்டியில் போகாதீர்கள், பிரேக் அடித்தால் அதுவே வந்து தலையில் அடிக்கும் என்பார். தலைக்குப் பின்னால் மெத்தைப்பலகை கட்டாயம் வேண்டும் என்பார். பிறகு கடல் பற்றிச் சொன்னார். அவர் வீட்டுக்குப் பின்னால் உப்பளம், அதற்கு அப்பால் கடல், ஆனால் சேற்றில் சக்கரம் புதையும் என்பதால் கடலை அவர் பார்த்து வெகு காலமாயிற்று. நான் என் வகுப்பு பற்றிச் சொன்னேன். பயணம் போகும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டேன், இறங்கிப் போக இடம் கிடையாதே. வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. “நானும்தான் டீச்சர்,” என்றார்.

கல்லணையில் தண்ணீர் திறப்பதைச் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்ததாகச் சொன்னார். நான் பார்த்ததே இல்லை என்றேன். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டா என்று ஆச்சரியப்பட்டார். பக்கத்தில்தான் இருந்தது. யார் தூக்கிப் போவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

“இந்த வருசம் போவோம். நீங்க உங்க வண்டியில, நான் என் வண்டியில.”

ஒரு வண்டியில் போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். என் வேனிலும் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். இரண்டாவது நாற்காலியைக் கட்ட வழி இருக்கிறதா என்று நான் ரகசியமாகப் பட்டறையில் கேட்டுப் பார்த்திருந்தேன். தரையில் அத்தனை அகலம் இல்லை என்றார்கள்.

தண்ணீர் திறந்து சில நாள் கழித்து, கூட்டம் குறைந்த ஒரு காலையில் கிளம்பினோம். அவர் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, தஞ்சாவூர் வழியாக வந்தார். நானும் தம்பியும் பூதலூர் ரயில்வே கேட்டுக்கு முன்னால் சாலையோரம் காத்திருந்தோம். பாலியஸ்டர் வேண்டாம் என்று பருத்திப் புடவை கட்டியிருந்தேன், பூ வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து வைக்காமல் வந்தேன். வெள்ளை வேன் எங்கள் பக்கத்தில் மெதுவாகி வந்தது. அவருடைய ஜன்னலும் என்னுடைய ஜன்னலும் ஒரு நிமிஷம் நேருக்கு நேர் நின்றன. அவர் கையை உயர்த்தினார். என் கை அவ்வளவு உயராது, தலையை அசைத்தேன். வெள்ளை வேன் முன்னால் போனது. நாங்கள் பின்தொடர்வதற்குள் ஒரு பஸ்ஸும் செங்கல் லாரியும் நடுவில் புகுந்தன. அவர் வேன் தாண்டியதும் கேட் விழுந்தது.

ரயில் போனபின் கேட் திறந்தது. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருந்த பஸ் நின்றது. லாரி நின்றது. தம்பி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வேகமாகத் திரும்பி வந்தான்.

“அக்கா, மறியல். நம்ம தெரு ஆளுங்கதான். காலைல நாம கிளம்புனப்புறம் பொக்லைன் வந்து வயல்ல இறங்கிடுச்சாம்.”

புறவழிச்சாலைக்கு எங்கள் ஊர் நிலத்தை எடுப்பதாகச் சர்வே கல் நட்டுச் சில வருடமாகியிருந்தது. அப்பாவும் தாத்தாவும் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். கூலிக்கும் குத்தகைக்கும் அவர்கள் காலத்தில் நடந்த சண்டையில் அப்பா ஜெயிலுக்குப் போய் வந்தார். கடைசியில் அவர் பெயருக்குப் பட்டா ஆன துண்டு நிலம் அது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் தேர்தல் நேரத்தில் வந்து நிலம் போகாது என்று சொன்னார்கள். பிறகு தாசில்தார் ஆபீசிலிருந்து நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்தது. தம்பி போர் தண்ணீர் வைத்து அதில் குறுவை நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“நடவு வயல்லயா இறக்குனாங்க?” என்றேன்.

“ஆமாக்கா.”

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். பின்னால் அதற்குள் வண்டிகள் வந்து நெருங்கிவிட்டன. திரும்பவும் முடியாது. பின்கதவைத் திறந்து சரிவுப்பலகையை இறக்கவும் இடமில்லை.

“நீ போடா,” என்றேன்.

“உன்ன விட்டுட்டா?”

“கட்டித்தான வச்சிருக்க. நான் எங்க போகப்போறேன்? போய் உக்காரு.”

அவன் பக்கக்கதவைக் காற்றுக்காகத் திறந்துவைத்து, போனை என் கைக்கு எட்டும்படி கைப்பிடியில் செருகிவிட்டுப் போனான். பஸ்ஸுக்கு அப்பால் கூட்டத்தில் அவன் சட்டை மறைவதைப் பார்த்தேன். பெல்ட்டின் பூட்டு என் இடுப்புக்குப் பக்கத்தில்தான். ஆனால் அதை அழுத்துகிற பலம் என் விரலுக்குக் கிடையாது.

போன் அடித்தது.

“டீச்சர், எங்க இருக்கீங்க? பின்னால வர்றீங்கன்னு நெனச்சேன். நான் பாலத்துக்கே வந்துட்டேன்.”

சொன்னேன்.

“உங்க வயலுமா?”

“எங்க வயலும் இருக்குங்க.”

“அப்ப நான் காத்திருக்கேன்,” என்றார்.

வெயில் ஏறியது. வேனின் தகரக்கூரை சூடானது. தூரத்தில் கோஷம் எழுந்து அடங்கும். ஒரு போலீஸ்காரர் வண்டி வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

“என்னம்மா, தனியா விட்டுட்டு எல்லாரும் எங்க போயிட்டாங்க?”

“தம்பிதாங்க. முன்னால உக்காந்திருக்கான்.”

“உங்களக் கட்டிப் போட்டுட்டா போயிருக்கான்?”

“பாதுகாப்புக்குங்க.”

அவர் குனிந்து பெல்ட்டுகளைப் பார்த்தார். “அவுத்து விடட்டுமா?”

“வேண்டாங்க. அவுத்தா சரியா திரும்பக் கட்டணும்.”

தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வண்டியைப் பார்க்க நகர்ந்தார். போகும்போது பழக்கத்தில் கதவைச் சாத்திவிட்டார். நான் கூப்பிட்டது லாரி இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

மறுபடி போன் வந்தது. அவர் வேனிலிருந்து இறங்கிப் பாலத்தின் மேல் இருந்தார்.

“தண்ணி எப்படிங்க இருக்கு?”

“கலங்கலா இருக்கு. டீ கலரு. ஷட்டருக்குக் கீழ நுரை பொங்குது. சின்னப் பசங்க படிக்கட்டுல நிக்கிறானுவ. ஒரு அம்மா வெத்தலையில சூடம் ஏத்தி விடுறாங்க. இருங்க, போன கம்பிக்கு வெளிய நீட்டுறேன். கேளுங்க.”

கேட்டேன். ரைஸ் மில் ஓடுவது போன்ற ஒரு சத்தம், நடுநடுவே காற்று. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டேன். வேனுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை. அவர் கை வலிக்கும் என்று எனக்குத் தெரியும். போதும் என்று சொல்ல மனமில்லை. அன்று அவரிடம் சொல்லலாம் என்று சில வார்த்தைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தேன். போனில் தண்ணீர்தான் இருந்தது. அதனிடம் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் தம்பி ஒருமுறை ஓடி வந்தான். கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து முகம் வெளுத்தான். திறந்து, என் முகத்தைத் துண்டால் துடைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார வைத்தான். தாசில்தார் வந்து பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

சிறிது நேரத்தில் அவர் கூப்பிட்டார். குரல் தளர்ந்திருந்தது. அவரால் அதிக நேரம் உட்கார்ந்திருக்க முடியாது. உடம்பில் புண் வந்துவிடும். டிரைவர் அவசரப்படுத்தினார்.

“டீச்சர், நான் கிளம்பணும். இந்த வழியா விட மாட்டாங்களாம். திருச்சி சுத்தித்தான் போகணும்.”

“கிளம்புங்க. சரியா கட்டச் சொல்லுங்க.”

“ம். அடுத்த வருசமும் தண்ணி வரும்ல.”

“வருங்க.”

வெயில் தாழ்ந்த பிறகு மறியல் முடிந்தது. பயிர் அறுக்கும்வரை இயந்திரம் இறங்காது என்று தாசில்தார் வாய்வார்த்தையாகச் சொன்னார். தம்பி வேட்டியெல்லாம் புழுதியோடு வந்து வண்டியை எடுத்தான். கல்லணைப் பக்கம் போகலாமா என்று கேட்டான். யாரும் இல்லாத பாலத்துக்குப் போவானேன் என்று வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன். வழி முழுக்க அவன் ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டினான். அழுதானா, திட்டினானா, பின்னால் கேட்கவில்லை.

அறுவடை முடிந்ததும் பொக்லைன் வந்தது. அப்பாவின் நிலத்தில் பாதி போயிற்று.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு முதுகில் புண் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்கப் போனேன். பொது வார்டில் கட்டில்களுக்கு நடுவே என் நாற்காலி போகவில்லை. வாசலிலிருந்தே பார்த்தேன். குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். லாத்தா என்னிடம் வந்து, “என் தம்பி உங்களப் பத்தி நெறைய சொல்லும்மா,” என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் நேரமில்லை, நர்ஸ் கூப்பிட்டார்.

புண் ஆறியதும் லாத்தா சென்னையில் இருக்கும் தன் பிள்ளைகளோடு இருக்கப் போனார். அவரையும் அழைத்துக்கொண்டார்கள். நாலாவது மாடி வீடு. லிஃப்ட் கதவுக்குள் அவருடைய பேட்டரி நாற்காலி நுழையவில்லை. அதைக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் உறை போட்டு வைத்துவிட்டு, அவரை மேலே கட்டிலில் வைத்திருக்கிறார்கள். வேனைப் புதுக்கோட்டையில் யாருக்கோ விற்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆம்புலன்ஸில் படுத்தபடி போகிறார். ஜன்னலே கிடையாது என்றார் ஒருமுறை.

ரம்ஜானுக்கு நான் கூப்பிடுவேன், கிறிஸ்துமஸுக்கு அவர் கூப்பிடுவார். அறையில் எப்போதும் ஆள் இருக்கிறது. டிவி ஓடுகிறது. உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறோம்.

புறவழிச்சாலை திறந்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இப்போது அந்த வழியாகத்தான் போகிறோம். பள்ளம் மேடு இல்லை, தம்பி பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். இரண்டு பக்கமும் தகரத்தடுப்பு. ஒரு நாள் காலையில் அவன் வேகத்தைக் குறைத்து, எனக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னான். “அக்கா, இடது கை பக்கம். இங்கதான் நம்ம மோட்டார் கொட்டகை இருந்துச்சு.”

தோள் பெல்ட் இறுக்கமாக இருந்தது. கழுத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பதற்குள் அந்த இடம் போய்விட்டது. பார்த்தேன் என்று சொன்னேன்.